தீவுக் கம்பெனியின் கடைசிக் கூட்டம்

ஈரத் துணியை உதட்டில் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது கந்தப்பன் கண்ணைத் திறந்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்றார்.

இரண்டு நாளாகப் பேச்சில்லாமல் கிடந்தவர். வசந்தாமணி பிடித்திருந்த துணியிலிருந்து தண்ணீர் அவர் தாடையில் வழிந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"ஒறம்பரையுங்களா? உங்க அக்கா கரூர்ல பஸ் ஏறிட்டாங்களாமுங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவாங்க."

"அவங்கல்ல. கோரம் இருக்குதான்னு பாரு."

கோரம் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் அவரோடு வேலை பார்த்த வடக்கத்தி ஆட்களின் பெயர்களை எல்லாம் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவராக இருக்கும் என்று நினைத்து, "இருக்கறாருங்க, வாசல்ல நிக்கறாரு" என்றாள். கந்தப்பன் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டிலின் தலைமாட்டில் ஆக்சிஜன் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பி நாலு நாள் ஆகிறது. அந்த நாலு நாளில் மெசினின் சத்தம் வீட்டின் சத்தமாகிவிட்டது. உஸ்ஸென்று இழுக்கும், ஒரு கணம் நிற்கும், உஸ்ஸென்று விடும். தூக்கமில்லாத தலையோடு கேட்கிறபோது, எங்கோ தண்ணீர் கரைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போவதுபோல இருந்தது. சமயத்தில் கட்டில், அலமாரி, சுவரில் தொங்கிய காலண்டர் எல்லாமே லேசாக மிதப்பதாக அவளுக்குத் தோன்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுவாள்.

வீடு பரமத்தி வேலூருக்கு வெளியே, வாய்க்கால் மேட்டில் இருந்தது. சன்னலைத் திறந்தால் கரும்புக்காடு. கந்தப்பன் இருபது வயதில் திருச்செங்கோட்டு ரிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பாதி இந்தியாவில் அவர் துளை போட்ட போர் இருக்கிறது. பாறையை உடைத்துக்கொண்டு மேலே வரும் வெள்ளைத் தூள் பதினெட்டு வருசம் அவர் நெஞ்சுக்குள் போய்ப் படிந்தது. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கம்பெனியில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பாறை துளைக்கும் பிட்டு, ஹாமர், பைப் எல்லாவற்றுக்கும் சாவி அவரிடம். வீட்டுக்கு வந்தாலும் சட்டைப் பையில் அந்தச் சாவிக்கொத்தின் கனம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்டோருக்குப் போன பிறகுதான் அந்தத் தீவுப் பயணங்கள் தொடங்கின. வருசத்துக்கு ஒருமுறை, நாலு நாள். கம்பெனி வேலையாக வெளிநாடு என்றார். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போய்வந்த ஆள் இல்லாத தெரு இல்லை. அதனால் ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வசந்தாமணியும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே அவர் சொன்னார், அதுவும் படுத்த பிறகு, மேலே ஓடும் காத்தாடியைப் பார்த்தபடி.

"அங்கயும் கரும்புதான் வசந்தா. நம்மூர்க் கரும்பாட்டமே நிக்குது. கடைசி வரப்பத் தாண்டினா கடலு. பச்சையா, கண்ணாடியாட்ட. ரூபா நோட்டுல தமிழ்ல எழுதீருக்கறான். முருகன் கோயல் இருக்குது. காவடி எடுக்கறாங்க. அரோகராங்கறாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த தமிழ் தெரியாது அவங்களுக்கு."

அவள் அரைத் தூக்கத்தில் ம் கொட்டுவாள். கடலுக்குப் பக்கத்தில் கரும்பு எப்படி நிற்கும், உப்பு அடிக்காதா என்று நினைப்பாள். மூச்சு வாங்குகிற மனுசன், ஏதோ மனசு ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடுவாள். பாஸ்போர்ட்டையும் ஏரோப்ளேன் சீட்டையும் கண்ணால் பார்த்திருந்தும் அந்தத் தீவை அவள் முழுசாக நம்பவில்லை.

பத்து மணிக்கு வாய்க்கால் பாலத்தில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மகள் சத்யபிரியா வாசலுக்குப் போனாள். நாமக்கல்லில் ஒரு வரி ஆலோசகர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். லாரிக்காரர்களுக்கும் கோழிப்பண்ணைக்காரர்களுக்கும் மாசாமாசம் ஜிஎஸ்டி கணக்கு ஏற்றுவது அவள் வேலை. பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தாள்.

"அம்மா, ஓனரு வந்திருக்கறாரு."

சிவபிரகாஷ் செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பாவிடம் வேலைக்குச் சேர்ந்தவர் கந்தப்பன். சின்ன வயதில் சிவபிரகாஷைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியவர். அந்தப் பழக்கத்தில் கம்பெனியில் இரண்டு பேரும் அண்ணன் என்றும் சிவா என்றுமே கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் கட்டினார்.

கட்டிலருகே நின்று கந்தப்பனின் காலைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, வரக்கூடாத நேரத்துல வந்திருக்கறேன். எனக்கே தெரியுது."

"அப்படியெல்லாம் இல்லீங்க மொதலாளி. உக்காருங்க. காப்பி வெக்கறேன்."

அவருக்குப் பின்னால் ஒரு இளைஞன் கையில் ஃபைலோடு நின்றான். பேர் கோகுல்ராஜ் என்றும், ஆடிட்டர் ஆபீசில் இருப்பதாகவும் சிவபிரகாஷ் சொன்னார். ஃபைலின் மேல் நீல நிற மைப்பெட்டி ஒன்று இருந்தது. பத்திர ஆபீசில் கைநாட்டு வைக்கக் கொடுப்பார்களே, அது. வசந்தாமணி அதைப் பார்த்தாள். காப்பி வைக்கப் போகவில்லை.

"என்னுங்க அது?"

கோகுல்ராஜ் முதலாளியைப் பார்த்தான். சிவபிரகாஷ், "பொண்ணுகிட்டக் குடு. அதுக்குப் புரியும்" என்றார்.

சத்யபிரியா வாசற்படியில் வெளிச்சத்துக்கு நின்று படித்தாள். ஒரே ஒரு தாள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். இரண்டு முறை படித்தாள். திரும்பியபோது அவள் முகம் ஒரே நிமிசத்தில் வேற்றாள் முகமாகியிருந்தது.

"அப்பா ஒரு கம்பெனிக்கு டைரக்டராம்மா. பங்கு பூராவும் அப்பா பேர்லதானாம்."

"எந்தக் கம்பெனிக்குக் கண்ணு?"

"அந்தத் தீவுல இருக்கற கம்பெனி. ஆப்பிரிக்காவுல ஓடற பதினோரு ரிக்கும் அந்தக் கம்பெனி வண்டி. அப்பா வண்டி."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வருவதுபோல இருந்தது. பதினோரு ரிக். ஒரு ரிக்கின் விலைக்கு இந்தத் தெருவையே வாங்கலாம். போன மாசம் காத்தாடிக்குக் கெபாசிட்டர் மாற்ற வேண்டும் என்றபோது, சம்பளம் வரட்டும் என்று சொன்ன மனுசன்.

"நெசத்துல வண்டி அவங்களுதும்மா. காயிதத்துலதான் அப்பாவுது" என்றாள் சத்யபிரியா. குரலைத் தாழ்த்தி, அம்மாவுக்கு மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நம்ம காட்டுத் தண்ணிய வரப்ப வெட்டிப் பக்கத்துக் காட்டுக்கு உட்டுட்டு, அப்பறம் அங்கிருந்து நாமளே கடனா வாங்கிப் பாய்ச்சிக்கற மாதிரி. பக்கத்துக் காட்டுல தண்ணி வரி கொஞ்சம். இங்கத்த வரிக்காரங்க வந்தா, எங்ககிட்ட ஏதுங்க தண்ணி, இது கடன்தானுங்களேன்னு சொல்லிக்கலாம்."

"அது தப்பில்லியா?"

ஆக்சிஜன் மெசின் இழுத்தது, நின்றது, விட்டது.

கோகுல்ராஜ்தான் மெல்லத் தொடங்கினான். "முன்னெல்லாம் கம்பெனிய எங்க பதிவு பண்ணியிருக்குதுன்னு பாப்பாங்கக்கா. இப்ப அப்படியில்லீங்க. முடிவெல்லாம் எங்க எடுக்கறாங்களோ அந்த ஊருலதான் வரி. அங்க போயி எடுத்தமுன்னு காட்டறதுக்குத்தானுங்க ஐயாவ வருசா வருசம் கூட்டிட்டுப் போனோம். இப்ப நோட்டீஸ் வந்திருக்குது. செவ்வாக்கெழம ஆஜராகோணும். ஐயா வர முடியாது. அதனாலதான் இது."

"இதுல என்ன எழுதீருக்குதுன்னு அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றாள் சத்யபிரியா. "எல்லா முடிவும் அப்பாவே எடுத்தாராம். திருச்செங்கோட்டுல இருந்து ஒருத்தரும் ஒன்னும் சொல்லலியாம். அப்பா இதுல கைநாட்டு வெச்சா எல்லாமே அப்பா செஞ்சதுன்னு ஆயிரும். நாளைக்கு அப்பா இல்லீனா வாரிசுன்னு ஆரு பேருக்குங்க நோட்டீஸ் வரும்?"

கோகுல்ராஜ் ஃபைலின் நாடாவை அவிழ்த்துக் கட்டினான்.

சிவபிரகாஷ் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "வராம நான் பாத்துக்கறேன் சாமி. இத்தன நாளும் பாத்துக்கலியா? எங்கப்பா ஒத்த வண்டியோட ஆரம்பிச்சாரு. டீசல் போட்டா வரி, டயர் வாங்குனா வரி, பார்டர் தாண்டுனா மாமூலு. எல்லாங் குடுத்தோம். பம்பாய்ல இருக்கற பெருங்கம்பெனிக்காரன் இதே வேலையப் பண்ணுனா பிளானிங்ன்னு பேரு. அவனுக்குன்னே அந்தத் தீவோட வரி ஒப்பந்தம் போட்டு வெச்சிருந்தாங்க. இருக்கற வரியயும் கொறச்சுக் குடுத்தாங்க. அதே சந்துல எங்களாட்ட ஆளு நுழைஞ்சா மட்டும் டார்ச் அடிச்சுப் பாக்கறாங்க. இதுல நாயம் எங்கிருக்குது, நீயே சொல்லு."

"நாயந்தானுங்க நானுங் கேக்கறேன்" என்றாள் சத்யபிரியா. "அப்பாவுக்கு வாங்குன மாத்தரை பில்லுல வரி இருக்குது. இந்த மெசினு வாடக பில்லுலயும் வரி இருக்குது. எங்களுக்கு எந்தத் தீவுங்க?"

"அந்த வாடகைய நாந்தான சாமி கட்டறேன்."

அவர் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. தணிந்த குரலில், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார். சத்யபிரியாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் சன்னல் பக்கம் திரும்பிக் கரும்பைப் பார்த்தாள். வெளியே காற்று எழுந்து தோகை முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

வசந்தாமணி இதையெல்லாம் தூரத்தில் இருந்து கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வரி, நோட்டீஸ், பங்கு என்று வந்த சொற்கள் அவளைத் தொடாமல் மேலாகப் போயின. அவளுக்குத் தெரிய வேண்டியது வேறாக இருந்தது.

"ஏந்தம்பி, நீ அங்க அவருகூடப் போயிருக்கறயா?"

"ரெண்டு தடவ போயிருக்கறனுங்கக்கா."

"கரும்பு இருக்குதா அங்க?"

கோகுல்ராஜ் திகைத்தான். "இருக்குதுங்க. ஏர்போர்ட்ல இருந்து போற வழி பூராக் கரும்புதானுங்க."

"கடல் வரைக்குமா?"

"ஆமாங்க."

வசந்தாமணி கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அங்க இவரு என்ன பண்ணுவாரு?"

"நாலாவது மாடியில ஒரு ரூமுங்க. பெரிய கண்ணாடிச் சன்னலு. அந்த ஊரு அம்மா ஒருத்தங்க இருப்பாங்க, வீராப்பென்னு பேரு. அவங்க முப்பாட்டன் நம்ம பக்கத்துல இருந்து கரும்பு வெட்டக் கப்பல்ல போனவராமுங்க. கூட்டத்துக்கு வேண்டிய ஆளு வந்தாச்சா, கோரம் இருக்குதான்னு பாத்துட்டு, அவங்க ஒவ்வொரு தீர்மானமாப் படிப்பாங்க. படிச்சுட்டு, ஆட்சேபணை உண்டான்னு எல்லார்த்தையும் ஒருக்காக் கேப்பாங்க. ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நான் ஐயாவுக்குத் தமிழ்ல சொல்லுவேன். ஐயா கையெழுத்துப் போடுவாரு. முக்காமணி நேரத்துல முடிஞ்சுரும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. ஐயா சன்னலோரமாத்தான் உக்காருவாரு. போன தடவ அந்தம்மா மூணு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பவே இல்லீங்க. கடலப் பாத்துட்டே இருந்தாரு. அந்தம்மா சிரிச்சுட்டு, சித்த நேரம் கழிச்சுப் படிக்கலாம்னு பேப்பர மூடி வெச்சுட்டாங்க."

"கதவச் சாத்துங்க" என்றது கட்டிலில் இருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கந்தப்பன் விழித்திருந்தார். கண் இரண்டும் கழுவிவிட்டதுபோலத் தெளிவாக இருந்தது. தலையணையில் கொஞ்சம் மேலே ஏற முயன்றார். சத்யபிரியா ஓடிப்போய் முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்தாள்.

"சிவா வந்தாச்சா. தம்பியும் இருக்குது. அப்ப ஆரம்பிக்கலாம்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மெசின் ஒருமுறை மூச்சு விட்டது. "மினிட்ஸ் படிங்க."

கோகுல்ராஜ் முதலாளியைப் பார்த்தான். சிவபிரகாஷ் தலையசைத்தார். சத்யபிரியா போய்க் கதவைச் சாத்தினாள். அறைக்குள் வெளிச்சம் குறைந்து, சன்னல் வழியாக வந்த பச்சை மட்டும் சுவரில் அசைந்தது.

கோகுல்ராஜ் எழுந்து நின்று, அந்தத் தாளின் தமிழ்ப் பகுதியைப் படித்தான். "கந்தப்பனாகிய நான், மேற்படி கம்பெனியின் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து, அதன் எல்லா முடிவுகளையும் அந்தத் தீவில் இருந்தபடி, என் சுயபுத்தியோடும் சொந்த விருப்பத்தோடும் எடுத்து வந்தேன்..."

"திருப்பிப் படி."

கோகுல்ராஜ் மறுபடி படித்தான்.

"நல்லா எழுதீருக்கறீங்க" என்றார் கந்தப்பன்.

வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். கல்யாணமான இரண்டாம் வருசம், ஹெல்ப்பராக இருந்தவரை டிரில்லராக ஏற்றியிருக்கிறார்கள் என்று சொல்ல வேலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்தார். அன்றைக்கு வாசலில் நின்ற முகம். சுயபுத்தி, சொந்த விருப்பம் என்று தன்னைப் பற்றி ஒரு காகிதம் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பேனாவைக் கொடுத்தால் வாங்கிப் போட்டுவிடுவார். கைநாட்டுக்கூட வேண்டியிருக்காது.

அவர் கண் அறையைச் சுற்றி வந்தது.

"ஆட்சேபணை ஆருக்காச்சும் உண்டா? சிவா?"

"இல்லீங்கண்ணா."

"தம்பி?"

"இல்லீங்கய்யா."

சத்யபிரியா வாயைத் திறந்தாள். ஆனால் அவர் பார்வை அவளைத் தாண்டி, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்த வசந்தாமணியிடம் வந்து நின்றது.

"உனக்கு?"

கல்யாணமாகி முப்பத்தியொரு வருசம். வாய்க்கால் மேட்டில் இடம் வாங்கியதும், பெண்ணை நாமக்கல் காலேஜில் சேர்த்ததும், கம்பெனி காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். உனக்கு எப்படி என்று அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. இப்போது கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். மெசின் இழுத்தது. விட்டது. அவளுக்கு அறை மறுபடி மெல்ல மிதக்கிற மாதிரி இருந்தது. கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்டுங்க" என்றாள்.

அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"காரணம் சொல்லோணும். எழுதிக்கோணுமல்லோ."

"இருக்குதுங்க. அப்பறமேல் சொல்றனுங்க."

கந்தப்பன் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். இப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை. நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நினைவில் தேடுகிறவர்போல மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"அப்ப ஒத்தி வெச்சரலாம்" என்றார். "அதுதான் மொறை."

"அண்ணா..." என்று சிவபிரகாஷ் எழுந்தார்.

"கூட்டம் முடிஞ்சுது சிவா. காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணும்."

அவ்வளவு பேசியதே அதிகம். கண் செருகிவிட்டது. மூச்சு மட்டும் சன்னமாக ஏறி இறங்கியது. வலது கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலாக விரிந்து கிடந்தது.

கோகுல்ராஜ் ஒரு அடி முன்னால் வந்து மைப்பெட்டியைத் திறந்தான். திறந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "விரல் மட்டும் வெச்சாப் போதுங்க" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

வசந்தாமணி தன் கையை எடுத்துக் கணவனின் கைமேல் வைத்து, அந்த ஐந்து விரல்களையும் மூடிக்கொண்டாள்.

சிவபிரகாஷ் அந்த இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றார். வெளியே வாய்க்கால் மேட்டில் ஒரு டிராக்டர் கரும்பு ஏற்றிக்கொண்டு போய் மறையும் வரைக்கும் நின்றார். பிறகு, "மூடு அத" என்றார்.

சத்யபிரியா காப்பி கொண்டுவந்தாள். அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வசந்தாமணி சாப்பிடவில்லை. கரூரில் இருந்து வந்த நாத்தனார் தம்பியைப் பார்த்து அழுதுவிட்டு, பஸ்ஸில் வந்த களைப்பில் பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுத்தாள். சத்யபிரியா மெசினுக்குத் தண்ணீர் மாற்றினாள். வெயில் சன்னலை விட்டு இறங்கித் தரையில் நீளமாகக் கிடந்தது.

கந்தப்பன் மறுபடி விழித்தபோது வசந்தாமணி மட்டும்தான் அருகில் இருந்தாள்.

"காரணம் என்ன?" என்றார். காலையில் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

அவள் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். "நீங்க அங்க ஒன்னும் பண்ணலீங்க. கடலத்தானுங்க பாத்துட்டிருந்தீங்க."

அவர் உதடு விரிந்தது. சிரிக்கிறாரா, மூச்சுக்குத் தவிக்கிறாரா என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. சிரிப்புத்தான்.

"ஆமா" என்றார். "எழுதிக்கச் சொல்லு."

பிறகு வெகுநேரம் சன்னலையே பார்த்தார். கரும்பின் மேல் வெயில் பளபளத்தது.

"மணி என்ன?"

"மூணுங்க."

"அங்க ஒன்றரைதான் ஆகியிருக்கும். நம்மளுக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால. ரெண்டு மணிக்குத்தான் போகோணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நேரம் இருக்குது. நீயும் வாறயா, சித்த நடந்துட்டு வரலாம்."

"வாரனுங்க" என்றாள்.

மூன்றேகாலுக்கு மெசின் இழுத்தது, நின்றது, விட்டது. அவர் விடவில்லை.

அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. சத்யபிரியா கஞ்சி டம்ளரோடு வந்தவள், அம்மா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். அப்பாவின் மூக்கிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, ஸ்விட்சுக்குக் கை நீட்டினாள்.

"அது சித்த நேரம் ஓடட்டும் கண்ணு."

"ஏம்மா?"

வசந்தாமணி மணியைப் பார்த்தாள். நாத்தனார் எழுந்து வந்து கத்தி அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். யாரோ தாடையைக் கட்டினார்கள், கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், விளக்கு வைத்தார்கள். அத்தனை சந்தடிக்கும் நடுவில் கட்டிலின் தலைமாட்டில் மெசின் இழுத்து, நின்று, விட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண் அதை நிறுத்தப் போனபோது சத்யபிரியா வேண்டாமென்று தடுத்தாள். நாலே முக்காலுக்கு, அந்தத் தீவிலும் மூன்றேகால் ஆனபோது, வசந்தாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு எழுந்துபோய்த் தானே நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை பத்தரைக்கு எடுத்தார்கள்.

சிவபிரகாஷ் எட்டு மணிக்கே வந்துவிட்டார். காரைப் பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு நடந்து வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, பந்தலுக்குள் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் உட்காராமல், வாய்க்கால் ஓரத்துச் சப்போட்டா மரத்தடியில் போய் நின்றார். கம்பெனி ஆட்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ரிக் வண்டிகளில் இருந்து நேராக வந்தவர்களின் தலைமயிரில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கந்தப்பன் யாரென்று அவர்களுக்கெல்லாம் தெரியும். ஸ்டோர்க்காரர். பிட்டுத் தேய்ந்துவிட்டது என்று போய் நின்றால், பழசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் புதுசு தருகிறவர்.

தூக்குவதற்கு முன்னால் சிவபிரகாஷ் வசந்தாமணி இருந்த இடத்துக்கு வந்தார். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். ராத்திரி தூங்காத கண்.

"அக்கா, செவ்வாக்கெழம நானே போயிக்கறேன்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"போயி, இருக்கறதச் சொல்லிக்கறேன்" என்றார். திரும்பிப்போய், பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. வெறுங்காலோடு தார் ரோட்டில் அவர் நடந்துபோவது தெரு முனை வரைக்கும் தெரிந்தது. பெண்கள் அந்த முனையிலேயே நின்று திரும்பினார்கள்.

வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. அவர் கிடந்த அறையில் தொடங்கி, கூடம் வழியாக, வாசலுக்குத் தள்ளினார்கள். துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வசந்தாமணியைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கூட்டிவந்து, ஈரச் சேலையோடு சுவரோரம் உட்கார வைத்தார்கள். நாத்தனார் ஒரு டம்ளரில் சர்க்கரை போட்ட டீயைக் கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். சூடாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

மாலைகளில் இருந்து உதிர்ந்த செவ்வந்தி இதழ்கள் கழுவிய தண்ணீரில் மிதந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டு போயின. நிலைப்படியில் போய்க் கொஞ்சம் தயங்கி, பின்னால் வந்த தண்ணீர் தள்ளத் தள்ள, ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் இறங்கின. தெருச் சிமெண்டில் தண்ணீர் பாதித் தூரம் போய் வெயிலில் காய்ந்துவிட்டது. இதழ்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டன. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வந்து அதில் ஒன்றைக் கொத்திப் பார்த்து, விட்டுவிட்டு நிழலுக்குப் போனது.